எஞ்சின் மாத்தி

“ஆன்டி, முள்ளு ஏறுது.”

“எந்த முள்ளு?”

“சூடு காட்டுற முள்ளு. சிவப்புக் கோட்டைத் தொடப் போகுது.”

“தொட்டா என்னா ஆகும்?”

“வண்டி நின்னுடும்.”

“நிக்கக் கூடாதுன்னு சொல்லு அதுகிட்ட!” என்றார் பின் சீட்டிலிருந்த அமுதவள்ளி.

அவர் மடியில் ஒரு சீர்த்தட்டு, இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. கைப்பைக்குள் மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரம். ஷா ஆலம் மண்டபத்தில் மகள் விஷ்ணுப்ரியா அலங்காரம் முடிந்து காத்திருந்தாள். இந்த நிச்சயதார்த்தம் ஏற்கெனவே ஒருமுறை நாள் குறித்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அம்மை போட்டதால் தள்ளிப்போனது. இன்னொரு தடவை தடங்கல் வந்தால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அத்தை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள். நல்ல நேரம் முடிவதற்குள் மோதிரம் விரலில் ஏறியாக வேண்டும்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த சதீஷ்குமார் அவருக்கு மகனும் இல்லை, மருமகனும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் கரூர்க்காரன். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஆபீஸில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ் என்று பிழைப்பு ஓடிவிட்டதால், நன்றி சொல்லும் ‘தெரிமா காசி’யைத் தவிர மலாயில் அவனுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. அதிலும்கூட, வந்த புதிதில் கடைக்காரப் பெண் சில்லறையைக் கொடுத்து ‘தெரிமா காசி’ என்றபோது, ‘இல்லீங்க, நமக்குக் கரூர்’ என்று பணிவாகப் பதில் சொன்னவன்.

அமுதவள்ளிக்கு முழங்கால் வலி. ‘நான் ஓட்டுறேன் ஆன்டி, கார் பத்தி எல்லா வீடியோவும் பார்த்திருக்கேன்’ என்று இவனாகத்தான் முன்வந்தான். அவன் பார்த்ததெல்லாம் ரிப்பேர் வீடியோ.

“பயப்படாதீங்க ஆன்டி. ஏசியை நிறுத்திட்டு ஹீட்டரைப் போட்டா எஞ்சின் சூட்டை அது இழுத்துக்கும். ஹீட்டர் எங்க இருக்கு?”

“இந்த ஊர்ல ஹீட்டர் எதுக்குடா? கைய வெளிய நீட்டு, அதான் ஹீட்டர்.”

ஏசியை மட்டும் நிறுத்தினான். ஃபெடரல் நெடுஞ்சாலையின் வெயில் கூரை வழியாக உள்ளே இறங்கியது. விஷ்ணுப்ரியா பார்த்துப் பார்த்து அடுக்கிய சாக்லெட் கோபுரம் வியர்த்தது, குனிந்தது, பிறகு மெல்லப் பக்கத்திலிருந்த வாழைப்பழத்தின்மேல் தலை சாய்த்தது.

“ஐயோ, கோபுரம் சாயுதுடா! ஜன்னலைத் தொற!”

திறந்தான். காற்று குபீரென்று புகுந்தது.

“வெத்தல! வெத்தல! டேய், வெத்தல பறக்குது!”

ஒரு வெற்றிலை பக்கத்தில் போய்க்கொண்டிருந்த லோரிக்காரரின் கையில் போய் விழுந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பாக்கு எங்கே என்பதுபோல் விரலை ஆட்டினார்.

“மூடுடா ஜன்னலை!”

பட்டனை அழுத்தினான். முன் கண்ணாடிகள் ஏறின. பின் கண்ணாடி பாதியில் நின்று, ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, கதவுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

“இப்போ என்னா?”

“கண்ணாடி உள்ள போயிருச்சு ஆன்டி.”

“முள்ளு?”

“அது மேல போயிருச்சு ஆன்டி.”

அமுதவள்ளி தலைப்பூவை ஒரு கையாலும் மிச்ச வெற்றிலையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார். “இந்தியாவுக்குப் போயிட்டு வந்ததுலேருந்து இதே ரோதனை. மேட்டைக் கண்டா மூச்சு வாங்குது. இந்தச் சம்பந்தம் கூடி வரணும்னு கோயில் கோயிலா படி ஏறினது நான். இதுக்கு எதுக்கு மூச்சு வாங்குது?”

“முன்னாடி நல்லா ஓடுமா?”

“முன்னாடியா? கெந்திங் மலைக்குப் பாட்டுப் பாடிக்கிட்டு ஏறும்லா! நம்ம வொர்க்‌ஷாப் ஜெயராஜும் இதே காருதான் வெச்சிருக்கான், இதே வெள்ளை. அவன் காரு வந்தா தெரு முனையிலேயே இருமல் கேக்கும். என் காரு வாசல்ல வந்து நின்னாத்தான் தெரியும்.”

சொல்லி முடிக்கவில்லை, முன்னால் வெள்ளையாகப் புகை எழுந்தது. சதீஷ் ஓரங்கட்டினான். போனட்டைத் தூக்கினான். ஆவி முகத்தில் அடித்தது.

“ஆன்டி! தண்ணி வேணும்!”

“தண்ணி இல்லடா. பன்னீர்தான் இருக்கு.”

“எவ்ளோ இருக்கு?”

“மண்டபத்து வாசல்ல தெளிக்கக் கொண்டு போறது. பெரிய போத்தல்.”

ஆவி அடங்கும்வரை விசிறினான். பிறகு துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்து, முழுப் போத்தல் பன்னீரையும் கவிழ்த்தான். சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது!

“ஓடுதுடா! ஓடுது!” அமுதவள்ளி கைதட்டினார். “கல்யாண வீடு மாதிரி மணக்குதுடா சதீஷு!”

“முள்ளு இறங்குது ஆன்டி! நான்தான் சொன்னேனே, வீடியோல...”

‘கீ...ச்’ என்றது கார். பூனை வாலை மிதித்ததுபோல் ஒரு கிறீச்சல். பக்கத்தில் போன கார்களில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“பெல்ட் கத்துது ஆன்டி. காய்ஞ்ச சோப்பைத் தேய்ச்சா நின்னுடும். சோப்பு இருக்கா?”

“மாப்பிள்ளைத் தட்டுல சந்தன சோப்பு இருக்கு. அஞ்சு.”

“ஒண்ணு எடுத்துக்கறேன்.”

“டேய், ஒண்ணு எடுத்தா நாலாயிரும்! ரெட்டைப்படையில சீர் வெச்சா அவங்க அத்தை என்னைத் தின்னுருவா!”

“அப்போ ரெண்டா எடுத்துக்கறேன்.”

மறுபடி ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு சோப்பைப் பெல்ட்டில் தேய்த்தான். போதாதென்று இரண்டாவதையும் தேய்த்தான். கார் கிளம்பியது. கிறீச்சல் அறவே இல்லை. பன்னீரும் சந்தனமும் கலந்து ஒரு சாமி ஊர்வலமே போவதுபோல் வாசனை.

“நீ இன்ஜினியருடா! படிச்ச புள்ளடா!” என்று அமுதவள்ளி அவன் தோளைத் தட்டினார். “அது என்னா, புதுசா ஒரு செவப்பு வெளக்கு? அழகா இருக்கே.”

“அது பேட்டரி ஆன்டி.”

“நல்லதா?”

“சிவப்புல எது எரிஞ்சாலும் நல்லது இல்ல ஆன்டி. சோப்பு ஜாஸ்தியாகி பெல்ட் வழுக்குது போல...”

சுபாங் தாண்டியதும் கார் ஒருமுறை குலுங்கியது, பெருமூச்சு விட்டது, நின்றது. சாவியைத் திருப்பினால் ஒரு சிணுங்கல்கூட இல்லை. சரியாக அதே நேரத்தில் கைபேசி அலறியது.

“அம்மா, எங்கம்மா இருக்கீங்க? மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் வந்தாச்சு. அவரோட அத்தை வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க!”

“வந்துட்டோம்டி கண்ணு! மண்டபம் கண்ணுக்குத் தெரியுது!”

சதீஷ் சுற்றிலும் பார்த்தான். ஒரு டயர் விளம்பரப் பலகைதான் தெரிந்தது. “எங்க ஆன்டி தெரியுது?”

“மனசுக்குள்ள தெரியுதுடா! நீ வேற வண்டிக்கு ஏற்பாடு பண்ணு!”

கைபேசியில் வாடகைக் கார் கூப்பிட்டான். வருகிறேன் என்ற ஓட்டுநர், நெடுஞ்சாலை ஓரம் என்றதும் மாட்டேன் என்றார். அடுத்தவரும் அப்படியே.

“ஜெயராஜுக்கு அடி!” என்றார் அமுதவள்ளி. “அவனும் நிச்சயத்துக்குத்தான் வந்துக்கிட்டு இருப்பான். நான் இந்தியா போனப்போ இந்தக் காரை சர்வீஸுக்கு அவன் வொர்க்‌ஷாப்லதானே விட்டுட்டுப் போனேன்? என் கூடப் பொறக்காத தம்பி அவன். ஒரு நிமிஷத்துல சொல்லிருவான் என்னா கோளாறுன்னு.”

அவர் மகளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்க, லோரிச் சத்தத்துக்குத் தப்பி சதீஷ் ஓரத்துப் புல்மேட்டில் ஏறி நின்று அழைத்தான்.

“ஜெயராஜ் அண்ணே, நான் அமுதவள்ளி ஆன்டி வீட்டு மாடியில இருக்கற சதீஷ். ஆன்டி கார் நின்னு போச்சு. சுபாங் கிட்ட.”

“அலாமாக்! எஞ்சின் மாத்தியா?”

“எ... என்னண்ணே?”

“எஞ்சின், எஞ்சின்! மாத்தியா?”

“எனக்கு எப்படிண்ணே தெரியும்?”

“சாவி போட்டா சத்தம் வருதா?”

“இல்லண்ணே.”

“அப்போ எஞ்சின் மாத்திதான், கன்ஃபர்ம். தம்பி, கேளு. போனட்டைத் தொறந்தியா?”

“தொறந்தேன்.”

“மூடு! மூடு! வேற எந்த வொர்க்‌ஷாப்காரனையும் கிட்ட விடாத. அக்கா பதறிப் போவாங்க, நான் வந்து பாத்துக்கறேன்!”

சதீஷ் புல்மேட்டிலிருந்து இறங்கினான் என்பதைவிட உருண்டான் என்று சொல்லலாம்.

“ஆன்டி! மோசம் போயிட்டோம்! உங்க எஞ்சினை மாத்திட்டாங்களாம்!”

“என்னாது?”

“ஜெயராஜ் அண்ணனே சொல்லிட்டார். எஞ்சின் மாத்தியாம். கன்ஃபர்ம்ங்கறார். போனட்டை மூடுங்கறார். வேற மெக்கானிக் பார்க்கக் கூடாதாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்!”

அமுதவள்ளி தட்டை இறக்கி வைத்துவிட்டுக் காரைவிட்டு இறங்கினார். முழங்கால் வலியைக் காணோம்.

“அதானே பாத்தேன்! மேட்டுல மூச்சு வாங்குச்சே!”

“முள்ளு ஏறுச்சே!”

“சத்தமும் மாறிப்போச்சுடா! நான் இந்தியாவுல பஸ்ஸு ஹாரன் கேட்டு கேட்டு என் காதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்!”

“அவரே வாய்விட்டுச் சொல்லிட்டாரே ஆன்டி, எவ்ளோ தைரியம்!”

“வரட்டும். கூடப் பொறக்காத தம்பி! வரட்டும்!” என்று சீர்த்தட்டிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜெயராஜ் வெகு சீக்கிரம் வந்துவிட்டார். அதே மாதிரி வெள்ளைக் கார், வந்து நின்றதே தெரியவில்லை. பட்டு வேட்டி, கழுத்தில் சங்கிலி, முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா! கவலைப்படாதீங்க, நான் வந்து...”

“எஞ்சினை மாத்துனியாடா?”

ஜெயராஜின் சிரிப்பு அப்படியே நின்றது. முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கை வேட்டி முடிச்சைத் தேடியது.

“அக்கா... அது... யாருக்கா சொன்னா?”

“யாரு சொன்னா பாரு! நீதான்டா சொன்ன!”

“நானா?”

“போன்ல சொன்னீங்கண்ணே,” என்று சதீஷ் தேங்காய்க்குப் பின்னால் பாதுகாப்பாக நின்றபடி சொன்னான். “ஒரு தடவையா? மூணு தடவை! எஞ்சின் மாத்தியா, எஞ்சின் மாத்தியான்னு கேட்டுட்டு, கடைசியில எஞ்சின் மாத்திதான், கன்ஃபர்ம்னு...”

ஜெயராஜ் அவனைப் பார்த்தார். அமுதவள்ளியைப் பார்த்தார். தேங்காயைப் பார்த்தார். பிறகு சிரித்தார். எப்படிச் சிரித்தார்! இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சாலைத் தடுப்பில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய, மூச்சு முட்ட, நிறுத்தவே முடியாமல் சிரித்தார்.

“அடேய் தம்பி! மாத்தின்னா மலாய்டா! மலாய்ல மாத்தின்னா செத்துப்போச்சு! எஞ்சின் செத்துருச்சான்னு கேட்டேன்டா நான்!”

ஒரு லோரி கடந்து போயிற்று. அமுதவள்ளி தேங்காயாலேயே தம் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

“அட ஆமாலா! மலாய் ஸ்கூல்ல படிச்சவ நான், எனக்கே தோணலியே! இந்தக் கரூர்க்காரன் வந்து தமிழ்ல கத்துனான், நானும் தமிழ்லயே கேட்டுத் தொலைச்சுட்டேன்! டேய், மன்னிப்புக் கேளுடா! தங்கமான மனுஷன்மேல பழி போட்டுட்டியே!”

“சாரிண்ணே! ஐயோ, ரொம்ப சாரிண்ணே!”

“பரவால்லடா தம்பி, பரவால்ல!” ஜெயராஜ் அவனை மார்போடு அணைத்துக்கொண்டார். “அக்கா, டயம் ஆச்சு, ஏறுங்க என் கார்ல. உங்க காரை என் வொர்க்‌ஷாப் லோரிக்கார அய்யாவு வந்து இழுத்துட்டுப் போவான். எல்லாம் நான் பாத்துக்கறேன். ஒரு காசு வேணாம். பேச்சே வேணாம்!”

“பாத்தியாடா? இதான் மனுஷன்!”

தட்டுகள் மாறின. சாய்ந்த கோபுரமும், மூன்று சோப்பும், மிச்ச வெற்றிலையும், மோதிரமும் ஜெயராஜின் காரில் ஏறின. கார் பறந்தது. பத்து தீகா என்ற இடத்து மேட்டில் முன்னால் போன மூன்று கார்களை ஓரங்கட்டிவிட்டு ஏறியபோது, பின் சீட்டில் அமுதவள்ளி குழந்தைபோல் குதூகலித்தார்.

“போ போ போ! அப்படித்தான்! என்னா சுகம்டா ஜெயராஜு! இருமல்காரன் மாதிரி இருந்துச்சே, என்னாடா மருந்து குடுத்த?”

“சர்வீஸ்க்கா, சர்வீஸ்,” என்றார் ஜெயராஜ், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மண்டப வாசலில் அத்தை கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமுதவள்ளி படியேறினார். சதீஷ் தட்டோடு பின்னால் ஓடினான். நாதஸ்வரம் எழுந்தது. நல்ல நேரம் தன் கடைசி மூச்சில் இருக்கும்போது மோதிரம் மாப்பிள்ளையின் விரலில் ஏறியது. விஷ்ணுப்ரியா அழுதாள், சிரித்தாள். அத்தை குனிந்து தட்டை முகர்ந்து, “சோப்பு மூணுன்னாலும் நல்ல வாசமா இருக்கே! மண்டபம் பூரா மணக்குது!” என்றாள். அது சதீஷின் சட்டையிலிருந்து வந்த வாசம்.

மாலை பொன்னாடை இல்லாமல் இந்த ஊரில் எந்த விசேஷமும் முடிவதில்லை. உபரியாக எப்போதும் ஒன்று இருக்கும். அமுதவள்ளி மைக்கைப் பிடித்தார்.

“இன்னைக்கு இந்த நிச்சயம் நடந்ததுக்குக் காரணம் என் தம்பி ஜெயராஜ்! அவனும் அவன் காரும் இல்லேன்னா நான் இன்னும் சுபாங்லதான் நின்னுக்கிட்டு இருப்பேன்!”

கைதட்டல். ஜெயராஜ் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கினார். “பாருங்க, எவ்ளோ அடக்கம்!” என்று அவரை இழுத்து நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். சதீஷும் மேடையேறி, ‘மாத்தி’ கதையை மைக்கில் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டான். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஜெயராஜ்தான்.

பந்தி நடக்கும்போது லோரி ஓட்டுநர் அய்யாவு வந்து சேர்ந்தார். கைகழுவி, இலையில் உட்கார்ந்து, வடையைப் பாயசத்தில் முக்கினார்.

“உங்க காரை வொர்க்‌ஷாப்ல விட்டுட்டேன்க்கா. மணம் தாங்கல, என்னா ஊத்துனீங்க?”

“அதை விடுப்பா. இன்னும் ரெண்டு வடை வெச்சுக்க.”

“பெரிய மனசுக்கா உங்களுக்கு. பாஸ் எல்லாம் சொன்னாரு. யாரு குடுப்பா இந்தக் காலத்துல!”

மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த ஜெயராஜின் பொன்னாடையைப் பார்த்து அமுதவள்ளி கூச்சத்தோடு சிரித்தார். “அது என்னாப்பா பெருசு, அவன் காரு பண்ணுன உதவிக்கு? பறந்துச்சுப்பா! என் காரு நல்லா இருந்தப்போ ஓடுன மாதிரியே ஓடுச்சு!”

“ஓடாம? எஞ்சின் மாத்தியாச்சுல்ல.”

பக்கத்து இலையிலிருந்து சதீஷ் தலையை நீட்டினான். புதிதாகக் கற்ற பெருமை முகத்தில் வழிந்தது.

“அண்ணே, மாத்தின்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம். பறக்கற காரை எப்படி மாத்திங்கறீங்க?”

அய்யாவு பாயசத்தை ஒரு வாய் இழுத்துவிட்டு, அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அது மலாய் மாத்தி தம்பி. நான் சொல்றது தமிழ் மாத்தி. அக்கா இந்தியா போயிருந்தப்போ அவங்க எஞ்சினைக் கழட்டி பாஸ் காருல மாட்டுனதே நான்தானே!”